வாவியில் துடுப்பு, காதில் ஒலி: திண்மம், திரவம், வாயு ஊடாக ஒலி செல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் இந்த விடயத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர், பறுவ (முழுநிலவு) இரவில் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், நீருக்குள் மீன் பாடுவதாக ஊரார் சொல்லும் ஓசையைக் கேட்க நினைப்பவர். மற்றவர், சாதாரண தரப் பரீட்சைக்கு ஒலி அலகைப் படிக்கும் பிள்ளை. இருவருக்கும் வேண்டிய பௌதிகம் ஒன்றுதான் என்பதால் கேள்விகளைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் தருகிறோம்.

ஒலி போகும்போது உண்மையில் போவது எது?

துணிக்கைகள் போவதில்லை, நெருக்கம்தான் போகிறது. தேர்த் திருவிழாவில் நெருங்கி நிற்கும் சனத்தில் பின்னால் ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளு முன்வரிசை வரை வரும். ஆனால் தள்ளியவர் நின்ற இடத்திலேயே நிற்பார். ஒலியும் அப்படித்தான். துணிக்கை முன்னும் பின்னும் சிறிது அசைகிறது, நெருக்கலும் ஐதாக்கலும் மாறி மாறி முன்னேறுகின்றன. வாயுவிலும் திரவத்திலும் ஒலி நெட்டாங்கு அலையாக மட்டுமே செல்லும். திண்மத்தில் குறுக்கலையும் உண்டு, ஏனென்றால் பக்கவாட்டில் வழுக்கும்போது இழுத்துப் பிடிக்கும் விசை திண்மத்தில் மட்டுமே இருக்கிறது.

அடர்த்தி கூடினால் ஒலியின் வேகமும் கூடும் என்று படித்தோம். சரிதானே?

பிழை. அதுவும் மிகப் பரவலான பிழை. திண்மம் அடர்த்தியானது, திண்மத்தில் ஒலி வேகமானது என்ற இரண்டு உண்மைகளையும் "ஆகவே" என்று ஒட்டியதால் வந்த வினை இது.

வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: நெருக்கினால் ஊடகம் எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்பதும், அதன் அடர்த்தியும். விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வரும். அடர்த்தி கீழே, வகுக்கும் இடத்தில் நிற்கிறது. அதாவது, அடர்த்தி கூடினால் வேகம் குறையத்தான் வேண்டும். திண்மம் முந்துவது அதன் விறைப்பு அடர்த்தியைவிடப் பல மடங்கு கூடியிருப்பதால்.

கணக்கையே பாருங்கள். 30 பாகை செல்சியஸில் வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.17 கிலோகிராம். நீர் அதைவிட ஏறத்தாழ 860 மடங்கு அடர்த்தியானது. ஆனால் நெருக்குவதற்கு நீர் ஏறத்தாழ 15,900 மடங்கு விறைப்பானது. 15,900 ஐ 860 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.3. வளியில் செக்கனுக்கு 349 மீற்றர் என்றால் நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர். அளந்தாலும் அதுவே வருகிறது.

அடர்த்தி விதியைக் கவிழ்க்கும் உதாரணங்கள் நிறைய. இரசம் (பாதரசம்) நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது, ஆனால் அதில் ஒலி செக்கனுக்கு 1,450 மீற்றர் அளவில், நீரைவிடச் சற்று மெதுவாகவே போகிறது. ஈயம் அலுமினியத்தைவிட நான்கு மடங்கு பாரம், அதிலும் ஒலி அலுமினியத்தைவிட மிக மெது. சூடான வளி குளிர்ந்த வளியைவிட அடர்த்தி குறைந்தது, ஆனால் ஒலிக்கு வேகமானது: 0 பாகையில் 331 மீற்றர், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும்.

மரத்தில் வேகம் எவ்வளவு என்று கேட்டால் "எந்தப் பக்கமாக" என்று திருப்பிக் கேட்க வேண்டும். நாரோடு நெடுகப் போனால் செக்கனுக்கு 3,300 முதல் 5,000 மீற்றர் வரை, நாருக்குக் குறுக்கே போனால் அதன் மூன்றிலொன்று அளவுக்கு இறங்கிவிடும். மெல்லிய உருக்குக் கம்பியில் ஏறத்தாழ 5,100.

வேகமாகப் போகிற ஊடகத்தில் சத்தமும் பெரிதாகக் கேட்குமா?

வேகமும் உரப்பும் வேறு வேறு. ஒலி எங்கே தொலைகிறது என்று தேடினால் பெரும்பாலும் ஓர் ஊடகம் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில்தான் பிடிபடும். அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கினால் அந்த ஊடகத்தின் ஒலித்தடை வரும். இரண்டு பக்கத் தடைகளும் கிட்டக்கிட்ட இருந்தால் ஒலி தாராளமாகக் கடக்கும். பெரிய வித்தியாசம் இருந்தால் தெறித்துத் திரும்பிவிடும்.

நீரின் தடை வளியினதைவிட ஏறத்தாழ 3,600 மடங்கு. ஆகவே வாவிக்குள் எழும் ஒலி நேராக மேலே வந்து நீர்மட்டத்தில் மோதும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மிச்சமெல்லாம் திரும்ப வாவிக்குள். பாலத்தின் மேலே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் ஒன்றும் கேட்கவில்லை என்று ஏமாந்து போவது இதனால்தான்.

துடுப்பை நீரில் வைத்து மறுமுனையைக் காதோடு வைத்தால் மட்டும் கேட்பது ஏன்?

துடுப்பு வளியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. ஒரு சாதாரண மரத்தின் ஒலித்தடை, நாரோடு நெடுகப் பார்த்தால், நீரினதைவிட ஒன்றரை மடங்குதான். தட்டையான எல்லையில் ஒலி நேராக மோதுகிறது என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு 95 பங்கு சக்தி மரத்துக்குள் போகலாம். துடுப்பு மெல்லியது, அலைநீளம் பெரியது (500 ஹேர்ட்ஸ் ஒலிக்கு நீரில் 3 மீற்றர்) என்பதால் உண்மையில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் ஆயிரத்தில் ஒன்றோடு ஒப்பிட அது எங்கேயோ இருக்கிறது. மறுமுனையில் துடுப்பு எலும்பைத் தொடுகிறது. மரத்திலிருந்து எலும்புக்கும், எலும்பிலிருந்து உட்காதுக்கும் ஒலி போவதற்கு இடையில் வளியே தேவையில்லை.

1848 இல் இங்கே வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இதே விடயத்தைப் பதிந்திருக்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி பலமாகக் கூடியது என்கிறார். ஆகவே துடுப்புத்தான் வேண்டும் என்றில்லை, மரத்தோணியின் உட்பலகையும் போதும். பைபர் வள்ளத்திலும் கேட்கும். ஆனால் அடித்தட்டு இரட்டைச் சுவராகவோ உள்ளே நுரை நிரப்பியோ இருந்தால் கேட்காது. நுரை என்றால் பாதிக்கு மேல் வளிதானே.

சரி, எப்படிக் கேட்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

காற்றில்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள். பறுவ இரவு என்பது ஊர் வழக்கம், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் நல்லவை என்பார்கள். நிலவு இருக்கிறதோ இல்லையோ, நீரில் சலசலப்பு இல்லாதிருப்பது கட்டாயம். தோணிக்காரர் ஒருவரோடுதான் போக வேண்டும். கரையில் நின்று இறங்கி நடக்க வேண்டாம், வாவியில் முதலை உண்டு. எல்லோரும் மிதப்பு அங்கி போடுங்கள்.

இயந்திரத்தை நிறுத்தி, தோணி தானாக அசைவு அடங்கும் வரை பொறுங்கள். நங்கூரக் கயிறு விளிம்பில் உரசினால் அந்த உரசல் மரம் வழியே நேராகக் காதுக்கு வரும். உரசும் இடத்தில் ஈரச் சாக்கு ஒன்றை மடித்து வையுங்கள். ஒரே மரத்தில் செய்த, வெடிப்பில்லாத துடுப்பை எடுத்து, அகன்ற பக்கத்தை அரை மீற்றராவது ஆழத்துக்கு இறக்குங்கள். துடுப்புத் தோணியின் விளிம்பில் படக்கூடாது, தரைச் சேற்றில் குத்தவும் கூடாது. கைகளால் தளர்வாகப் பிடியுங்கள். மறுமுனையைக் காதுக்குள் விடாதீர்கள். காதின் பின்னே புடைத்திருக்கும் எலும்பில் அழுத்தி வைத்து, மற்றக் காதை விரலால் அடையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி.

பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பாலத்தூணோடு ஒட்டி நிற்பது. மேலே போகும் மோட்டார் சைக்கிளின் அதிர்வு கொங்கிரீட் வழியே இறங்கி நீருக்குள் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மற்றது, ஈரமான துடுப்பு முனை காதுமடலில் உரசும் சத்தத்தைப் பாட்டென்று நினைப்பது. துடுப்பை நீருக்கு வெளியே தூக்கிப் பாருங்கள். தூக்கிய பிறகும் அதே ஓசை கேட்டால் அது வாவியினது அல்ல.

துடுப்புக்குப் பதிலாக எஸ்லோன் (பிவிசி) குழாய் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், கவனம் வேண்டும். கீழ்முனையில் பலூன் இறப்பரை இறுக்கிக் கட்டினால் குழாய்க்குள் வளி நிரல் அடைபட்டிருக்கும். 1826 இல் ஜெனீவா ஏரியில் நீரில் ஒலியின் வேகத்தை அளந்த கொலடோனும் ஸ்ரேர்மும் இப்படி ஒரு நீண்ட குழாயைத்தான் நீரில் இறக்கிக் கேட்டார்கள். ஏறத்தாழ 13 கிலோமீற்றருக்கு அப்பால் நீருக்குள் மணியடிக்க, அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சிட, இடையிலான நேரத்தை அளந்து 8 பாகை நீரில் செக்கனுக்கு 1,435 மீற்றர் என்று கண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால் குழாய்க்கே சொந்தச் சுருதி உண்டு. 2 மீற்றர் நீளக் குழாயின் மேல்முனையைக் காதால் அடைத்தால் 87, 175, 262 ஹேர்ட்ஸ் என்று அடுக்கடுக்காகப் பரிவு எழும். எங்கேயோ ஓடும் இயந்திரத்தின் இரைச்சலைக்கூட அது இனிமையான ரீங்காரமாக மாற்றித் தரும். குழாயின் நீளத்தை மாற்றும்போது சுருதியும் மாறினால் நீங்கள் கேட்டது குழாயை.

கைபேசியில் பதிவு செய்ய முடியுமா?

முடியும். அதிர்வை மின்னாக மாற்றும் 27 மில்லிமீற்றர் பியசோ தட்டு ஒன்றும் 5 மீற்றர் கவசக் கம்பியும் போதும். நடு இழையை வெள்ளைப் பீங்கான் பகுதியிலும் கவசப் பின்னலைப் பித்தளை விளிம்பிலும் பற்றவையுங்கள். பற்றாசுக்கோலை இரண்டு செக்கனுக்கு மேல் வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். பிறகு முழுவதையும் எப்பொக்சியில் இரண்டு தடவை மூடுங்கள். எப்பொக்சியை மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் குமிழி நிற்கும், குமிழி என்றால் மறுபடியும் வளி எல்லை.

பலர் இதுவரை சரியாகச் செய்துவிட்டு, கம்பியை நேரே கைபேசியில் செருகி, "நொறுக்கும் சத்தம் மட்டும்தான் வருகிறது" என்கிறார்கள். தட்டின் கொள்ளளவம் ஏறத்தாழ 20 நனோபரட், கைபேசி உள்ளீட்டின் தடை ஏறத்தாழ 2,000 ஓம். இரண்டும் சேர்ந்தால் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். வாவியில் பாட்டென்று சொல்லப்படுவது இருப்பதோ அதற்குக் கீழேதான். இடையில் 10 இலட்சம் ஓம் உள்ளீடு கொண்ட சிறு முன்பெருக்கி வைத்தால் வெட்டும் எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். கிற்றாருக்கு விற்கும் முன்பெருக்கியே போதும். பதிவுச் செயலியில் தானியங்கி ஒலிமட்டத்தை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலை அடிக்கும்போதும் மெல்லிய ஓசை அமுங்கிப்போகும்.

பாடுவது மீனா, ஊரியா?

டெனன்ட் கேட்டபோது இங்குள்ள மீனவர்கள் ஊரி, அதாவது ஓட்டுக்குள் வாழும் நத்தையினம், என்றே சொன்னார்கள். ஆனால் ஓசை எழுப்ப வேண்டுமானால் அதிரும் உறுப்பு வேண்டும். ஊரியிடம் அப்படி ஒன்றில்லை. மீன்களில் பலவற்றிடம் இருக்கிறது: உள்ளிருக்கும் காற்றுப்பையை அதன் மேலொட்டிய தசை வேகமாக அதிர்விக்க, பை மேளத்தோல்போல் ஒலிக்கும். கெழுத்தியை வலையிலிருந்து எடுக்கும்போது முனகுவதைக் கேட்காத மீனவர் இல்லை. இன்னொரு கூட்டம் சொடுக்கு இறால்கள். ஒரு கொடுக்கைப் படீரென மூடும்போது நீரில் குமிழி தோன்றி உடைகிறது, அதுதான் எண்ணெயில் கடுகு வெடிக்கும் மாதிரியான சடசடப்பு. டெனன்ட் எழுதிய ஓசை அதுவல்ல. ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்ப்பது போன்ற, பல மெல்லிய தனித்தனிச் சுரங்கள் என்கிறார். பாலத்தூணில் நீர் மோதும் ஓசைதான் என்று தள்ளிவிடுவோருக்கு ஒரு குறிப்பு: அவர் கேட்ட ஆண்டில் பாலமே இல்லை. பழைய கல்லடிப் பாலம் 1924 இல் வந்தது.

வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஏன் எல்லா இடத்திலும் கேட்பதில்லை?

உயிரினம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்பது ஒன்று. ஆழம் இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஆழமில்லாத நீரில் நீண்ட அலைநீளம் நுழைந்து நிற்க இடமில்லை. தரை வன்மையானது என்று வைத்தால், ஆழத்தின் நான்கு மடங்கைவிட நீண்ட அலை தூரம் போகாமல் சில மீற்றருக்குள் தேய்ந்துவிடும். 2 மீற்றர் ஆழத்தில் இந்த எல்லை ஏறத்தாழ 190 ஹேர்ட்ஸ், 4 மீற்றரில் 95. சேற்றுத் தரையில் எல்லை இன்னும் மேலே ஏறும். அழுகும் சேற்றிலிருந்து வரும் வாயுக் குமிழிகளும் ஒலியை விழுங்கும். தாழ்ந்த சுருதியில் முனகும் மீன் பக்கத்திலேயே இருந்தாலொழியக் காதுக்கு எட்டாது. ஆகவே இடம் மாறி மாறிக் கேளுங்கள், ஆழமான ஓடைப் பக்கம் பாருங்கள்.

மாரியில் வாவி நன்னீராகிறது, முகத்துவாரம் திறந்தால் உப்பேறுகிறது. ஒலிக்கு மாற்றம் உண்டா?

சிறிது உண்டு. 30 பாகையில் நன்னீரில் செக்கனுக்கு 1,509 மீற்றர், முழு உப்புள்ள கடல்நீரில் ஏறத்தாழ 1,546. காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆழம் காட்டும் கருவிக்குத் தெரியும். அது ஒலித்துடிப்பை அனுப்பி, திரும்ப வரும் நேரத்தில் பாதியை வேகத்தால் பெருக்குகிறது. கருவியில் 1,500 என்று வைத்துவிட்டுக் கடலில் 10 மீற்றரை அளந்தால் 9.7 என்று காட்டும். மீன்பிடிக்கு இது போதும். கட்டுமான அளவைக்குப் போதாது, அன்றைய வெப்பநிலையும் உப்பும் பார்த்து மாற்ற வேண்டும்.

நீருக்குள் மூழ்கியிருக்கும்போது வள்ளத்தின் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதில்லையே?

தெரியாது, ஆபத்தும் அதுதான். இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்தே திசையை அறிகிறோம். வளியில் அது அதிகபட்சம் 0.6 மில்லிசெக்கன் அளவு. நீரில் வேகம் 4.3 மடங்கானதால் 0.14 ஆகச் சுருங்கிவிடும். அத்தோடு ஒலி மண்டையோடு முழுவதிலும் ஒரேயடியாக இறங்குகிறது. இயந்திரச் சத்தம் கேட்டால் காதை நம்பித் திசை தேடாதீர்கள், எழும்பும்போது கையை மேலே நீட்டிக்கொள்ளுங்கள்.

வாவியின் மேற்கே, படுவான்கரைக் கோயில் ஒலிபெருக்கி பகலில் கேட்பதில்லை, இரவில் பக்கத்தில் போலக் கேட்கிறது. ஏன்?

ஊர் அடங்குவது பாதிக் காரணம். மீதி, ஒலியின் வளைவு. பகலில் தரையோரம் சூடான வளி, மேலே குளிர். ஒலி கீழே வேகமாகப் போவதால் அலைமுகம் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலால் போய்விடும். இரவில் தரை குளிர்ந்து கீழ்வளி குளிராகும், மேலே சற்று வெப்பம். இப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். நடுவில் மரமோ கட்டடமோ இல்லாத நீர்ப்பரப்பு வேறு. காற்றும் இதையே செய்யும். உயரே போகப்போகக் காற்றின் வேகம் கூடுவதால், காற்றோடு போகும் ஒலி கீழே வளையும், எதிர்த்துப் போவது மேலே வளையும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் படுவான்கரைச் சத்தம் கிழக்கே எழுவான்கரைக்கு வரும், மறுபக்கம் போகாது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணித் தூரம் அறியலாமா?

அறியலாம். 3 செக்கன் ஒரு கிலோமீற்றர். நம் வெப்பத்தில் 3 செக்கனில் ஒலி 1,047 மீற்றர் போகும், ஆகவே பிழை சிறிது. 30 செக்கனுக்குள் இடி கேட்டால் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள்.

தண்டவாளத்தில் காதை வைத்தால் ரயில் வருவது முன்கூட்டித் தெரியுமாமே?

பௌதிகம் சரி, செய்வது முட்டாள்தனம். பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பியோ 1808 இல் பரிஸில் 951 மீற்றர் இரும்புக் குழாய்த் தொடரின் ஒரு முனையில் தட்டி, மறுமுனையில் இரண்டு ஒலிகளைக் கேட்டார். இரும்பு வழி வந்தது முதலில், உள்ளிருந்த வளி வழி வந்தது ஏறத்தாழ 2.5 செக்கன் கழித்து. இதை வீட்டு வேலியின் நீண்ட இரும்புக் கம்பியில் செய்து பார்க்கலாம். 20 மீற்றருக்கு அப்பால் ஒருவர் சிறு கல்லால் தட்டட்டும். இரண்டு ஒலியையும் பிரித்துக் கேட்க முடியாது, இடைவெளி 0.05 செக்கன்தான். ஆனால் கம்பியில் காது வைத்தால் எவ்வளவு உரப்பு என்பது தெரியும்.

2004 சுனாமிக்கு முன் பூமி வழியே ஒலி வந்திருக்குமா?

வந்தது. நிலநடுக்கத்தின் முதல் அலை பாறை வழியே செல்லும் நெட்டாங்கு அலை, ஒலியின் வகையே. மையத்திலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 1,640 கிலோமீற்றர். அந்த ஆழப் பாறையில் செக்கனுக்கு 8 கிலோமீற்றர் என்றால் மூன்றரை நிமிடத்தில் இங்கே வந்துவிட்டது. மீடிறன் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைவு, அதிர்வுமானிக்குத்தான் தெரியும். கடல் வர அதன் பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. எச்சரிக்கை ஏற்பாடுகள் தங்கியிருப்பது இந்த இடைவெளியில்தான்.

வகுப்பில் நூல் தொலைபேசி செய்தோம், கேட்கவே இல்லை. எங்கே பிழை?

நூல் தளர்ந்திருக்கும், அல்லது நடுவில் எதையாவது தொட்டிருக்கும். இரண்டு வெற்று மீன் ரின்களின் அடியில் நடுவில் சிறு துளையிட்டு, 10 மீற்றர் தங்கூசியை (நைலோன் நூலை) செலுத்தி, உள்ளே தீக்குச்சித் துண்டில் முடியுங்கள். வெட்டு விளிம்பைத் துணிநாடா ஒட்டி மூடுங்கள். தங்கூசி தொங்காமல் விறைக்க வேண்டும். மூலையில் திருப்ப வேண்டுமானால் கம்பத்தில் சுற்றாமல், ஒரு இறப்பர் வளையத்தில் தொங்கவிட்டுத் திருப்புங்கள். பருத்தி நூல் ஒலியை உறிஞ்சும், நனைந்தால் இன்னும் மோசம்.

ஸ்கான் எடுக்கும்போது வயிற்றில் களி பூசுவது எதற்கு?

கருவிக்கும் தோலுக்கும் இடையில் மயிரிழை அளவு வளி இருந்தாலும் கருவி அனுப்பும் கழியொலி (காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதி ஒலி) முழுவதும் தெறித்துவிடும். களி அந்த வளியை வெளியேற்றுகிறது. துடுப்பின் வேலையேதான்.

மணிச்சாடிப் பரிசோதனையில் வளியை எடுத்த பிறகும் மணி மெல்லக் கேட்கிறது. பம்பியில் பிழையா?

பெரும்பாலும் தாங்கியில். மணி கடினமான கம்பியில் தொங்கினால் ஒலி கம்பி வழியே சாடியின் அடைப்புக்கும், அங்கிருந்து வெளி வளிக்கும் வரும். மெல்லிய இறப்பர் நாடா இரண்டில் தொங்கவிடுங்கள், மின்கம்பியைத் தளர்வாகச் சுருட்டி விடுங்கள், சாடியின் கீழே தடித்த நுரைத்துண்டு வையுங்கள்.

பாடசாலைப் பம்பி முழு வெற்றிடம் தருவதில்லை என்பதும் உண்மை. அமுக்கம் நூறிலொன்றாகக் குறைந்த வளியிலும் ஒலி போகும், வேகம்கூட மாறாது. ஆனால் அவ்வளவு ஐதான வளியை மணியால் பலமாகத் தள்ள முடியாது. அந்தச் சிறிதும் கண்ணாடி எல்லையில் தெறித்துவிடும். ஆகவே விடைத்தாளில் "வளி குறையக் குறைய உரப்புக் குறைகிறது" என்று எழுதுங்கள். "வேகம் குறைகிறது" என்று எழுதினால் பிழை.